ஆராதனையில் டிரம்ஸ்: வேதம் சொல்வதும் காது சொல்வதும்

கேள்வி இதுதான்: சபைக்குப் புதிதாக டிரம் செட் வந்திருக்கிறது, கூடவே பாஸ் கிட்டாரும் பெரிய ஸ்பீக்கர்களும். மூத்தவர்கள் சிலர் "இது ஆராதனையா, கச்சேரியா?" என்று கேட்டுவிட்டு பாட்டு வேளை முழுக்க வெளியே போய் நிற்கிறார்கள். வாலிபர்கள், வாத்தியங்களோடு துதிக்கச் சொல்கிற சங்கீதம் 150-ஐத் திறந்து காட்டுகிறார்கள். டிரம்ஸ் வாசிக்கிற பையனோ பெரியவர்கள் பேசினதைக் கேட்டு விட்டுவிடுகிறேன் என்கிறான். தேவாலயத்தில் டிரம்ஸ் வாசிப்பது வேதத்தின்படி சரியா, சரி என்றால் எவ்வளவு சத்தம் வரைக்கும் சரி?

நான் 11 வருடம் ஆராதனைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். அதற்குப் பிறகு, எல்லா மைக், வாத்தியங்களின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்சர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு தரப்பிடமும் திட்டு வாங்கிய அனுபவம் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சுருக்கமாக என் பதில்: தாள வாத்தியத்தை வேதம் தடுக்கவில்லை. அதே நேரம் சங்கீதம் 150-ஐக் காட்டி எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதும் செல்லாது. சபையில் உட்கார்ந்திருக்கிற ஜனங்கள் தங்கள் வாயால் பாடுகிற பாட்டு அந்த இடத்தில் காதில் விழுகிறதா, நான் பார்ப்பது அது ஒன்றைத்தான். அதற்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

வேதத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் தமிழ் வேதாகமத்தை மட்டும் வாசிப்பவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் உண்டு. யாத்திராகமம் 15:20-இல் செங்கடலைக் கடந்ததும் மிரியாம் தம்புரைக் கையில் எடுக்கிறாள், மற்ற பெண்கள் தம்புருகளோடும் நடனத்தோடும் பின்னால் போகிறார்கள். தம்புரு என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? பாடகர் பின்னால் உட்கார்ந்து மீட்டுகிற, சுருதி பிடிக்கிற தந்தி வாத்தியம். அதைத் தூக்கிக்கொண்டு ஆட முடியுமா என்று யாரும் யோசிப்பதில்லை. எபிரெயத்தில் அங்கே இருக்கிற சொல் தோப். அது வட்டச் சட்டத்தில் தோல் கட்டி, கையால் தட்டுகிற சின்னக் கொட்டு. சங்கீதம் 150:4-இல் நடனத்தோடு சேர்ந்து வருகிற தம்புருவும் அதே தோப்தான். 1 சாமுவேல் 10:5-இல் சவுலுக்கு எதிரே இறங்கி வருகிற தீர்க்கதரிசிகளின் முன்னால் போகிற வாத்தியங்களில் அதே தோப் தமிழில் மேளம் என்று வருகிறது, அந்த வசனத்தில் இருக்கிற தம்புரு வேறொரு தந்தி வாத்தியம். ஆக, "வேதத்தில் மேளமே இல்லை" என்கிறவரும், "தம்புரு என்றால் அமைதியான வாத்தியம்தானே" என்கிறவரும் மொழிபெயர்ப்பு விரித்த வலையில் மாட்டிக்கொண்டவர்கள். தோலைத் தட்டி தேவனைத் துதித்திருக்கிறார்கள், அதில் சந்தேகம் வேண்டாம்.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதைத் தெரியாமல் பேசுகிற வாலிபர்கள்தான் அதிகம். தேவாலய ஆராதனைக்கென்று தாவீது ஒழுங்கு செய்த வாத்தியங்களின் பட்டியல் நாளாகமப் புத்தகங்களில் பல இடங்களில் வருகிறது: 1 நாளாகமம் 15:16, 25:1, 25:6, 2 நாளாகமம் 5:12, 29:25. கைத்தாளம் (சிம்பல்), தம்புரு, சுரமண்டலம், ஆசாரியர்களின் எக்காளம். இந்தப் பட்டியல்களில் வரும் தம்புரு எபிரெயத்தில் நெபெல் என்கிற தந்தி வாத்தியம். தோப் என்கிற கொட்டு இதில் எங்கேயுமே இல்லை. உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்த முதல் ஊர்வலத்தில் அது இருந்தது, பெட்டியைத் தொட்ட ஊசா என்பவன் செத்தான், இரண்டாம் முறை லேவியர்களை வைத்து ஒழுங்காகக் கொண்டுவந்தபோது அது இல்லை. எனவே கொட்டு வெளியே ஊர்வலத்துக்கு, ஆலயத்துக்குள் இல்லை என்பது அவர்கள் வாதம். கவனமாக வாசித்தவர்கள் சொல்கிற வாதம் இது, சிரித்து ஒதுக்கக் கூடாது.

ஆனால் அதில் இரண்டு ஓட்டை இருக்கிறது. ஒன்று, ஊசா செத்ததற்குக் காரணம் வாத்தியம் என்று வேதம் சொல்லவே இல்லை, பெட்டியை வண்டியில் ஏற்றியதும் கையால் தொட்டதும்தான் பிரச்சினை. இரண்டு, சங்கீதம் 68:24, 25 பரிசுத்த ஸ்தலத்துக்குப் போகிற நடையைப் பற்றிப் பேசும்போது தம்புரு வாசிக்கிற கன்னிகைகளைச் சேர்த்தே சொல்கிறது, சங்கீதம் 149:3-உம் துதியில் அதைச் சேர்க்கிறது. தோப் பெரும்பாலும் பெண்கள் வாசித்த வாத்தியம், லேவிய வாத்தியக்குழு ஆண்களுடையது, பட்டியலில் இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. ஒரு பட்டியலில் இல்லாததை வைத்துத் தடைச்சட்டம் எழுதினால், அந்தப் பட்டியலில் இல்லாத ஆர்கனையும் கீபோர்டையும் முதலில் வெளியே எடுத்து வைக்க வேண்டிவரும்.

சரி, அப்படியானால் வாலிபர்கள் ஜெயித்துவிட்டார்களா? கொஞ்சம் பொறுங்கள். அதே பட்டியல்களை இன்னொரு கண்ணால் பாருங்கள். 1 நாளாகமம் 16:5-இல் தந்தி வாத்தியம் ஒரு கூட்டமே வாசிக்கிறது, கைத்தாளம் கொட்டுகிறவன் தலைவனாகிய ஆசாப். அது இஷ்டத்துக்குத் தட்டுகிற வேலை இல்லை, எல்லாரையும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிறுத்துகிற வேலை. பிற்கால ஆலயத்தின் வழக்கத்தைப் பதிவு செய்த யூதர்களின் மிஷ்னா இன்னும் தெளிவாகச் சொல்கிறது: சுரமண்டலம் 9-க்குக் குறையக் கூடாது, மேலே எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம், கைத்தாளம் மட்டும் ஒன்றே ஒன்று. எனக்கு இந்த ஒரு விவரம் மிகவும் பிடிக்கும். சத்தமான வாத்தியத்தை அவர்கள் விலக்கவில்லை, எண்ணிக்கையைக் கட்டினார்கள். நம் டிரம் செட்டில் எத்தனை சிம்பல் தொங்குகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

2 நாளாகமம் 5-ஆம் அதிகாரத்தில் சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த நாளில் 120 ஆசாரியர்கள் எக்காளம் ஊதினார்கள். நூற்றிருபது எக்காளம்! அதைவிடச் சத்தமான ஆராதனை எங்கே இருந்திருக்கும்? ஆனாலும் அந்த இடத்தில் பாடினவர்களும் ஊதினவர்களும் ஒரே சத்தமாய்க் கேட்கப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறது, அவர்கள் பாடின வார்த்தையே பதிவாகியிருக்கிறது: அவர் நல்லவர், அவர் கிருபை என்றுமுள்ளது. சத்தம் இருந்தது, சொல் காணாமல் போகவில்லை. புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் பவுல் 1 கொரிந்தியர் 14-இல் விடாமல் இதையே பிடித்துக்கொள்கிறார். குழலும் சுரமண்டலமும் பேதம் காட்டாவிட்டால் வாசிக்கப்படுவது இன்னதென்று எப்படித் தெரியும், நீ சொல்வது புரியாதவன் உன் ஸ்தோத்திரத்துக்கு எப்படி ஆமென் சொல்வான் என்று கேட்கிறார். அவர் அங்கே பேசுவது அந்நிய பாஷையைப் பற்றி, வாத்தியத்தை உவமையாகத்தான் எடுக்கிறார். ஆனாலும் கருத்து நமக்கு அப்படியே பொருந்தும்: கேட்கிறவனுக்குப் புரிந்து, அவன் வாயிலிருந்து ஆமென் வர வேண்டும்.

"டிரம்ஸ் பிசாசின் தாளம், விக்கிரக ஆராதனையிலிருந்து வந்தது" என்கிற பேச்சைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் கத்தினார்கள், குதித்தார்கள், தங்களைக் கீறிக்கொண்டார்கள், கொட்டு அடித்ததாக ஒரு வார்த்தை இல்லை. மறுபக்கம் தானியேல் 3-இல் நேபுகாத்நேச்சாரின் பொற்சிலைக்கு முன்னால் எக்காளமும் வீணையும்தான் முழங்கின, ஏசாயா 5:12-இல் குடிவெறி விருந்தில் மேளத்தோடு சுரமண்டலமும் தம்புரும் சேர்ந்தே இருக்கின்றன. வாத்தியத்துக்கு மதம் கிடையாது, வாசிக்கிறவனுக்கு உண்டு.

ஆர்கன் கதையைக் கேட்டால் இது இன்னும் விளங்கும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிடெசிபியஸ் என்கிற பொறியாளர் நீர் அழுத்தத்தில் இயங்கும் குழாய் வாத்தியம் ஒன்றைச் செய்தார். ரோமர்கள் அதை வட்டரங்கத்தில், வாள் சண்டை நடக்கிற இடத்தில் வாசித்தார்கள். கிறிஸ்தவர்களை மிருகங்களுக்குப் போட்ட அதே மாதிரி அரங்கங்கள். ஆதித் திருச்சபையின் பிதாக்கள் வாத்தியம் என்றாலே முகம் சுளித்ததற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம். 4-ஆம் நூற்றாண்டின் யோவான் கிறிசோஸ்தோம், இஸ்ரவேலருக்கு வாத்தியம் அனுமதிக்கப்பட்டதே அவர்களுடைய பலவீனத்தைப் பார்த்துத்தான் என்று விளக்கம் கொடுத்தார். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை இன்றுவரை வெறும் குரலில்தான் பாடுகின்றன. 757-இல் பைசாந்திய பேரரசர் பிராங்கு மன்னர் பெப்பினுக்கு ஒரு ஆர்கனைப் பரிசாக அனுப்பினார், அதுவும் அரசவைப் பொருளாகத்தான். மெதுவாக, பல நூற்றாண்டுகளில், அது ஆலயத்துக்குள் நுழைந்தது.

நுழைந்ததும் என்ன நடந்தது தெரியுமா? 10-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் ஒரு மாபெரும் ஆர்கன் வைத்தார்கள். அதைப் பற்றிக் கவிதை பாடின துறவி வுல்ஃப்ஸ்தான், 400 குழாய், 26 துருத்தி, அதை ஊத 70 ஆள் என்று கணக்குச் சொல்லிவிட்டு, அந்த இரைச்சலுக்குக் கிட்டே போனவர்கள் கையால் காதைப் பொத்திக்கொண்டார்கள் என்கிறார். கவிஞர் கணக்கு, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார், இருந்தாலும் காதைப் பொத்தினது உண்மையாகத்தான் இருக்கும். 12-ஆம் நூற்றாண்டில் ரிவோ மடத்தின் தலைவர் ஏல்ரெட் புலம்பியிருக்கிறார்: ஆலயத்தில் எதற்கு இத்தனை ஆர்கன், இத்தனை கைத்தாளம், துருத்தியின் சத்தம் இடிபோல இருக்கிறதே, ஜனங்கள் ஜெப வீட்டுக்கு வந்த மாதிரி இல்லை, நாடகக் கொட்டகைக்கு வந்த மாதிரி நிற்கிறார்களே என்று. உங்கள் சபைப் பெரியவர் கேட்ட "கச்சேரியா?" என்கிற கேள்விக்கு வயது 800-க்கு மேல்.

சீர்திருத்த காலத்தில் சூரிக் நகரின் சுவிங்லி, தானே பல வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர், ஆனாலும் அவருடைய சீர்திருத்தத்தில் 1524-இல் ஆர்கன் அங்கே மௌனமானது, 1527-இல் உடைக்கப்பட்டது. கால்வின் வாத்தியமில்லாத சங்கீதப் பாட்டைப் பிடித்துக்கொண்டார். லூத்தர் எதிர்ப்பக்கம், இசையை தேவ ஈவு என்று கொண்டாடினார். கத்தோலிக்கத் திருச்சபையில் 1903-இல் போப் பத்தாம் பயஸ் ஆலயத்தில் பியானோவையும், டிரம், சிம்பல் மாதிரி இரைச்சலான வாத்தியங்களையும் பெயர் சொல்லியே விலக்கினார். 60 வருடம் கழித்து, 1963-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆர்கனுக்கு முதல் மரியாதை கொடுத்துவிட்டு, ஆராதனைக்குப் பொருந்துகிற மற்ற வாத்தியங்களையும் அதிகாரமுள்ளவர்களின் சம்மதத்தோடு சேர்க்கலாம் என்று கதவைத் திறந்தது. இரட்சணிய சேனையோ 1870-களின் கடைசியிலேயே தெருவில் பித்தளை வாத்தியத்தோடு இறங்கிவிட்டது, பெரிய டிரம்மும் சேர்ந்துகொண்டது. தெருக்கூட்டத்தில் அந்த டிரம்மைப் படுக்கவைத்து, மனம் திரும்பினவர்கள் அதன் முன்னால் முழங்கால் போட்டிருக்கிறார்கள், பலிபீடம் மாதிரி.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையை இங்கே குறிப்பாகச் சொல்ல வேண்டும். கெபெரோ என்கிற பெரிய கொட்டும், கிலுக்கு மாதிரியான சிஸ்ட்ரமும், பாடகர்கள் கையில் பிடிக்கிற நீண்ட கோலும் அவர்களுடைய ஆராதனையில் காலங்காலமாக இருக்கின்றன. அந்தப் பாடல் மரபை 6-ஆம் நூற்றாண்டின் யாரெத் என்பவரிடமிருந்து தொடங்குகிறார்கள். உலகத்தின் மிகப் பழைய சபைகளில் ஒன்று தோல் கட்டின கொட்டோடு ஆராதிக்கும்போது, டிரம்ஸ் நேற்று வந்த அமெரிக்கப் பழக்கம் என்று எப்படிச் சொல்வது? அதை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள், முதலில் குரல் மட்டும், பிறகு கோல் ஆடும், அப்புறம்தான் கெபெரோ மெதுவாக உள்ளே வரும், வந்து படிப்படியாக வேகம் ஏறும். கொட்டு பாட்டுக்குக் காத்திருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1739-இல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ச்சி செய்தபின், 1740-இல் அங்கே வந்த சட்டம் அவர்கள் டிரம் வைத்திருப்பதையே தடுத்தது. டிரம் போனதும் அந்த ஜனங்கள் கையைத் தட்டி, காலைத் தரையில் அடித்து ஜெபக்கூட்டங்களில் பாடினார்கள். அந்த மரபிலிருந்துதான் பிற்பாடு பெந்தெகொஸ்தே ஆராதனையின் தாளம் பெருமளவு வந்தது. இதைத் தெரிந்துகொண்டபின் "தாளம் மாம்சத்தின் கிரியை" என்று பொத்தாம்பொதுவாகப் பேச எனக்கு வாய் வருவதில்லை. யாருடைய கொட்டைப் பறித்து, யாருடைய வாத்தியத்தைப் பரிசுத்தம் என்று பெயர் வைத்தோம் என்பது அவ்வளவு சுத்தமான சரித்திரம் இல்லை.

இனி காதுக்கு வருகிறேன். சண்டையில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது, ஆனால் எல்லாரும் அதை வசனத்தை வைத்துத் தீர்க்கப் பார்க்கிறார்கள்.

சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல். கையை ஓங்கி அடிக்கிற டிரம் செட் பக்கத்தில் 100-ஐ எளிதாகத் தாண்டும். டெசிபெல் கணக்கு நேர்க்கோடு இல்லை, 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு, 10 கூடினால் காதுக்கு இரண்டு மடங்குச் சத்தம்போல் தோன்றும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நையோஷ் வகுத்த அளவு 85 டெசிபெல்லில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும், அப்படிப் போனால் 94-க்கு 1 மணி நேரம், 100-க்கு 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கு வைத்த உச்ச வரம்பும் 15 நிமிட சராசரியில் 100 டெசிபெல். உங்கள் துதி வேளை எத்தனை நிமிடம்? முன் வரிசையில் எத்தனை கைக்குழந்தைகள்? தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கிற ஒலி அளவி செயலி துல்லியமாக இருக்காது, ஆனாலும் ஒரு ஞாயிறு ஸ்பீக்கர் முன்னால் பிடித்துப் பாருங்கள், சண்டை போட ஒரு எண்ணாவது கிடைக்கும்.

மூத்தவர்கள் சத்தத்தைப் பற்றிக் குறை சொல்லும்போது "பழைய காலத்து ஆட்கள்" என்று தள்ளுகிறோமே, நானும் அப்படித்தான் தள்ளினேன். வயதானால் முதலில் போவது உயர்ந்த சுரங்களைக் கேட்கிற திறன். சொற்களைப் பிரித்துக் காட்டுகிற ஸ, ச, த, ப போன்ற மெய்யெழுத்து ஒலிகளில் பல அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. சிம்பலின் 'ஷ்ஷ்' என்கிற இரைச்சல் சரியாக அதே இடத்தில் போய் உட்கார்ந்து அவற்றை மூடிவிடும். இதற்கு மேல் இன்னொன்று: உட்காதில் தேய்மானம் உள்ளவர்களுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, அதே சமயம் உரத்த சத்தம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வலிக்கத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் அவர்களுக்கு மிஞ்சுகிற இடம் குறுகலானது. ஆகவே உங்கள் சபைத் தாத்தா பிரசங்கம் கேட்கவில்லை என்று முன்னால் வந்து உட்காருவதும், பாட்டு வேளையில் வெளியே போவதும் முரண் இல்லை. அவர் காது அவரிடம் உண்மையைச் சொல்கிறது.

கட்டிடமும் பேசும். பெரிய கல் ஆலயங்களில் ஒரு சத்தம் முழுக்க அடங்க 4 வினாடி, சிலவற்றில் அதற்கும் மேல் ஆகும். நிமிடத்துக்கு 120 அடி போகிற பாட்டில் வினாடிக்கு 2 அடி, ஆக ஒரு அடியின் எதிரொலி ஓய்வதற்குள் அதன்மேல் 8 அடி விழுந்துவிடும். எல்லாம் சேர்ந்து கூழ். அந்தக் கட்டிடங்களில் மெதுவான பாமாலையும் ஆர்கனும் நன்றாக இருப்பதற்குப் பக்தி மட்டும் காரணம் இல்லை, அந்தச் சுவர்களுக்கு நீண்ட சுரம்தான் ஒத்துப்போகும். கொட்டு வளர்ந்தது திறந்தவெளியிலும், எதிரொலி இல்லாத சின்னக் கூடங்களிலும். ஒரு சபையில் அருமையாக இருந்த டிரம்ஸ் இன்னொரு சபையில் தலைவலியாவது இதனால்தான், வாசிக்கிறவன் ஆவிக்குரியவனா என்பதால் இல்லை.

சின்னக் கூடத்தில் நடக்கிற வேடிக்கையைச் சொல்கிறேன். டிரம்ஸுக்கு மைக் தேவையே இல்லை, அதன் இயற்கையான சத்தமே கூடத்துக்குப் போதும். அது சத்தமாக இருப்பதால் கிட்டார்காரர் தன் ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தை ஏற்றுவார். கீபோர்டுக்காரருக்குத் தன் சுரம் கேட்காது, மானிட்டரை, அதாவது வாசிப்பவருக்குத் தன் சத்தம் கேட்க மேடையில் வைக்கிற ஸ்பீக்கரை, கூட்டச் சொல்லிக் கையைக் காட்டுவார். பாடுகிறவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள், இரைச்சலில் மனிதன் தானாகக் குரலை உயர்த்துவான் என்று எதியென் லொம்பார்ட் என்கிற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே எழுதிவைத்தார். கடைசியில் நான் மெயின் ஸ்பீக்கரை ஏற்றுவேன். யாரும் தப்பு செய்யவில்லை, எல்லாரும் தனக்குக் கேட்க வேண்டும் என்று மட்டுமே நினைத்தோம். இந்த ஏணியில் ஏறாதவர்கள் சபையார் மட்டும்தான், அவர்களிடம் ஏற்றுவதற்கு எந்தக் குமிழும் இல்லை. தன் குரலும் பக்கத்தில் நிற்பவர் குரலும் காதில் விழாத மனிதன் இரண்டு சரணத்தில் வாயை மூடிவிடுவான். கை தட்டுவான், திரையில் வரிகளைப் பார்ப்பான், பாட மாட்டான்.

எனக்கு இது புரிந்தது ஒரு ஞாயிறு மின்சாரம் போனபோது. மூன்றாவது பாட்டின் நடுவில் எல்லாம் செத்துவிட்டது, நான் மட்டும் டிரம்ஸை அடித்துக்கொண்டே இருந்தேன், கூட்டத்திலிருந்து வந்தது ஒரு முணுமுணுப்பு. ஒரு வருடமாக வாரந்தோறும் வாசித்த பாட்டு, இரண்டாவது சரணம் யாருக்கும் தெரியவில்லை. போதகர் எழுந்து, வாத்தியமில்லாத ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தார், கூரை அதிர்ந்தது. அதற்காகப் பழைய பாட்டு உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. அந்தப் பாட்டை அவர்கள் தங்கள் வாயால் கற்றிருந்தார்கள், என் பாட்டை அவர்கள் கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

உணர்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாளம் உடம்பை அசைக்கும், நெஞ்சை ஏற்றும், இது இயற்கை. எலிசா தீர்க்கதரிசனம் சொல்லும் முன் சுரமண்டலக்காரனை வரச்சொன்னார், தாவீது வாசித்தபோது சவுலுக்கு ஆறுதல் வந்தது. ஆகையால் இசை மனதைத் தொடுவதே தவறு என்கிற வாதம் நிற்காது. ஆனால் டிரம்காரனாக நான் அறிந்த ஒரு ரகசியம் உண்டு: டாம்ஸ் என்கிற நடு டிரம்களை உருட்டி, காலால் மிதிக்கிற கிக் டிரம்மை ஏற்றி, சிம்பலில் கொண்டுபோய் உடைத்தால் எந்தக் கூட்டத்தையும் கைகளை உயர்த்த வைக்கலாம். பாட்டில் என்ன வரி என்பதே அதற்குத் தேவையில்லை. அதை எப்போது செய்வது என்று எனக்கு நன்றாகத் தெரியும், செய்துமிருக்கிறேன், அதற்கு அபிஷேகம் என்று பெயர் வைத்த நாட்களும் உண்டு. ஆமோஸ் 5:23-இல் பாட்டுகளின் இரைச்சலை அகற்று என்று கர்த்தர் சொல்வதை யாரும் எனக்கு எதிராக எடுத்ததில்லை. அங்கே குற்றம் நியாயத்தைப் புரட்டினது, டெசிபெல் இல்லை, வாத்தியமும் வீணைதான். ஆனாலும் அந்த வசனம் என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டது.

அக்கம்பக்கத்தையும் மறக்காதீர்கள். கிக் டிரம்மின் தாழ்ந்த ஒலி 60 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 5.7 மீட்டர் நீள அலை, சாதாரணச் சுவரும் கண்ணாடியும் அதைப் பெரிதாகத் தடுக்காது. வெளியே இருப்பவருக்கு வார்த்தையும் கேட்காது, ராகமும் கேட்காது, 'தும் தும்' மட்டும் கேட்கும். இந்திய உச்ச நீதிமன்றம் வரை இப்படி ஒரு சபையின் வழக்கு போய், 2000-இல் தீர்ப்பு வந்தது: மற்றவர்களின் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கி வைத்தோ மேளம் அடித்தோ ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று. ஆராதிக்கிற உரிமை உண்டு, அடுத்த வீட்டு நோயாளியின் தூக்கத்தின் மேல் உரிமை கிடையாது.

அப்படியானால் என்ன செய்வது? டிரம் செட்டை விற்க வேண்டாம். முதலில் குச்சியை மாற்றுங்கள், மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டின ராட் வகை கிடைக்கிறது, மெதுவான பாட்டுக்குப் பிரஷ். இது ஒன்றிலேயே பாதிச் சண்டை ஓய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கனமான சிம்பல்களை எடுத்துவிட்டு மெல்லியதாக இரண்டை மட்டும் விடுங்கள். கீழே தடித்த கம்பளம், பின்சுவரிலும் மூலையிலும் ஒலியை உறிஞ்சுகிற பஞ்சுப் பலகை. கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் தடுப்பை மட்டும் வாங்கி முன்னால் நிறுத்தினால் ஏமாந்து போவீர்கள், அது சத்தத்தைப் பின்சுவருக்குத் திருப்பிவிடும், அங்கிருந்து கூரை வழியாகச் சுற்றி வரும், நடுவில் வாசிக்கிறவன் காதுதான் கெடும். பின்னால் உறிஞ்சுகிற பொருள் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். 50, 60 பேர் கூடுகிற இடத்துக்கு, மேலே உட்கார்ந்து கையால் தட்டுகிற காஹோன் மரப்பெட்டி ஒன்றே தாராளம். எலெக்ட்ரானிக் டிரம்ஸ் எடுத்தால் குமிழ் மிக்சர்காரர் கைக்கு வந்துவிடும், தரையில் வைக்கிற மானிட்டர்களுக்குப் பதிலாகக் காதில் மாட்டுகிற வகையைப் பயன்படுத்தினால் மேடைச் சத்தம் சடாரென்று குறையும்.

மிக்சரில் இருப்பவர் பாட்டு வேளையில் ஒருமுறையாவது எழுந்து கடைசி வரிசைக்கு நடந்துபோய் நிற்க வேண்டும். அங்கே சபையின் குரல் கேட்கவில்லையென்றால் திரும்பி வந்து இறக்க வேண்டும், பாடகர் முறைத்தாலும் சரி. ஒவ்வொரு ஆராதனையிலும் ஒரு பாட்டின் கடைசிச் சரணத்தை எல்லா வாத்தியமும் கையை எடுத்துவிட்டு ஜனங்களிடம் கொடுத்துவிடுங்கள். முதல் மாதம் கூச்சமாக இருக்கும், முனகுவார்கள்.

வாத்தியமே வேண்டாம் என்று மனச்சாட்சியில் நம்புகிற சபைகளோடு எனக்கு வழக்கு இல்லை. வெறும் குரலில் நான்கு பாகமாகப் பாடுகிற ஒரு சபையில் உட்கார்ந்துவிட்டு வந்த பிறகு ஒரு வாரம் குச்சியைத் தொட மனம் வரவில்லை. ஆனால் அவர்கள் கொள்கையை உங்கள் சபைக்குச் சட்டமாக இறக்குமதி செய்ய வசனத்தில் இடம் இல்லை.

கடைசியாக, உங்கள் டிரம்ஸ் வாசிக்கிற பையனைப் பற்றி. பெரியவர்கள் பேசினதைக் கேட்டு விட்டுவிடுகிறேன் என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். விடாதீர்கள். மெதுவாக வாசிப்பது ஓங்கி அடிப்பதைவிடப் பல மடங்கு கடினம், அது அவனுக்குத் தெரியாது, யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பாட்டு வரிகளை மனப்பாடமாக்கி, வாயால் பாடிக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். தன் குரல் தனக்குக் கேட்கிற அளவில் அவன் கை தானாக அடங்கும். வெளியே போய் நிற்கிற அந்தப் பெரியவரை ஒரு சனிக்கிழமை ஒத்திகைக்கு அழைத்து, கடைசி வரிசையில் உட்காரவைத்து, எந்த இடத்தில் வார்த்தை கேட்கவில்லை என்று கையைத் தூக்கச் சொல்லுங்கள். பையன் அதைப் பார்த்து வாசிக்கட்டும்.